அம்மா எங்கே பாஸ்?

அரியர், அட்டெண்டன்ஸ், ஹால் டிக்கெட்னு நம்ம சொந்தக் கதை சோகக் கதையையே எத்தனை வாரம்தான் ஓட்டுறது? இந்த வாரம் ஒரு டாக்டரைப் பற்றிப் பேசுவோம். இவரோட பேஷன்ட்டுகள் எங்கே வலிக்குதுன்னு வாய் திறந்து சொல்லவே மாட்டாங்க. ரொம்பக் கேட்டா கடிச்சு வெச்சிடுவாங்க. யெஸ், கால்நடை மருத்துவர். சுருக்கமா 'வெட்'. (வெட்டுன்னு படிச்சுட்டு ஓடிடாதீங்க!)

திடீர்னு ஏன் இந்த சப்ஜெக்ட்? திருவண்ணாமலையில எங்க செட்டுக்குள்ள ஒரு வசூல் ஓடிக்கிட்டிருக்கு. நண்பன் ஒருத்தனுக்கு பர்த்டே வருது. வழக்கமா கேக்கை வாயில ஊட்டாம மூஞ்சியில பூசுவோம். இந்த வருஷம் கொஞ்சம் ஓவரா யோசிச்சு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு சைபீரியன் ஹஸ்கி குட்டி வாங்கித் தரலாம்னு பிளான். நீலக் கண்ணு, ஓநாய் லுக்கு. செல்லுல போட்டோ வந்தாச்சு. விக்கிறவர் வெளியூர். அட்வான்ஸ் போட்டா போதும், குட்டி அட்டைப்பெட்டியில பஸ் ஏறி வந்து சேருமாம். செமஸ்டர் புக்கு பார்சல்ல வர்ற மாதிரி!

என் பங்கைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, இந்த நாயைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்குவோமேன்னு படிக்க உட்கார்ந்தேன். ஹஸ்கியைத் தேடப் போன இடத்துல ஒரு டிவி டாக்டர் மாட்டினார். பேரு மார்க் ஆப்ரஹாம்.

அவர் கதைக்கு முன்னாடி அவரோட 'சீனியர்' கதை ஒண்ணு சொல்லணும். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் திர்ஸ்க்னு ஒரு சின்ன ஊர். அங்கே 1940-ல வேலைக்குச் சேர்ந்தவர் ஆல்ஃப் வைட்னு ஒரு வெட். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறது, நடுராத்திரி பனியில பண்ணைக்கு ஓடறது, கிழவிகளோட செல்ல நாய்க்கு டயட் சொல்றது. இதையெல்லாம் புத்தகமா எழுதணும்னு ஆசை. ஆனா, டாக்டர் தன் சொந்தப் பேர்ல புத்தகம் போட்டா அது தொழிலுக்கு விளம்பரம் தேடற மாதிரின்னு அந்த ஊர் தொழில் விதி மிரட்டுச்சு. புனைபெயருக்கு எங்கே போறதுன்னு யோசிச்சுக்கிட்டே டிவியில ஃபுட்பால் மேட்ச் பார்த்தவர், பர்மிங்ஹாம் சிட்டி டீம் கோல்கீப்பர் ஜிம் ஹெரியட்டோட பேரைச் சுட்டுட்டார். கொஞ்சம் மாத்தி ஜேம்ஸ் ஹெரியட்! முதல் புத்தகம் 1970-ல வந்துச்சு. 1978-ல பி.பி.சி. அதை சீரியலா எடுத்துச்சு. 2020-ல மறுபடியும் புதுசா எடுத்தாங்க. அந்தக் கதைகளைப் படிச்சுட்டே வெட் ஆனவங்க உலகம் முழுக்க இருக்காங்க.

நம்ம பக்கமும் ஒருத்தர் இருந்தார். டாப்ஸ்லிப், முதுமலை முகாம் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி. அவரை நிறையப் பேருக்குத் தெரிய வெச்சது ஜெயமோகனோட 'யானை டாக்டர்' கதை. அவர் 2002-ல இறந்துட்டார், கதை 2011-ல வந்துச்சு. அதைப் படிச்சுட்டு காட்டுல பீர் பாட்டில் உடைக்கிறதை நிறுத்தினவங்க எங்க ஹாஸ்டல்லயே உண்டு. ஒரு வெட்டோட வேலையை யாராவது சரியா எடுத்துச் சொன்னா என்ன நடக்கும்கிறதுக்கு அது ஒரு சாம்பிள்.

சரி, மார்க் ஆப்ரஹாமுக்கு வருவோம். பிரைட்டன்கிற கடலோர ஊர்ல பிராக்டீஸ் பண்ணினவர். காலையில டீ குடிச்சுக்கிட்டே பார்க்கிற டிவி ஷோக்கள்ல வந்து நாய், பூனை பத்தி டிப்ஸ் கொடுக்கிறவர். 'மார்க் தி வெட்'டுன்னா அங்கே வீட்டு லேடீஸுக்கெல்லாம் தெரியும். நம்ம சேனல்கள்ல காலை நேரத்துல ராசிபலன் சொல்றவர் எவ்வளவு ஃபேமஸோ அவ்வளவுன்னு வெச்சுக்கோங்க. ஜாலியா அப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஓட்டல.

அவரை மாத்தினது பார்வோ. நாய் வளர்க்கிறவங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். 1970-களின் கடைசியில உலகத்துக்குத் தெரிய வந்த வைரஸ். பெரும்பாலும் தாக்கறது குட்டிகளை. வாந்தி, ரத்தமா பேதி, உடம்புல தண்ணியே இல்லாம வத்திப் போய் ரெண்டு மூணு நாள்ல கதை முடிஞ்சுடும். அந்தத் தரையில வைரஸ் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். அடுத்து வாங்கி வர்ற குட்டியும் மாட்டும்.

இதுல அம்மாவுக்கு என்ன ரோல்? பெரிய ரோல். குட்டி பிறந்த முதல் நாள்ல அம்மாகிட்ட குடிக்கிற சீம்பால்லதான் அதுக்கு முதல் நோய் எதிர்ப்பு சக்தி கிடைக்குது. அம்மாவுக்கே தடுப்பூசி போடலைன்னா சீம்பால்ல கொடுக்கறதுக்குச் சரக்கு இருக்காது. அந்தக் கடன் வாங்கின சக்தியும் சில வாரத்துல கரைஞ்சிடும். அது கரையற நேரமும், குட்டிக்குத் தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்கிற நேரமும் கரெக்டா ஒட்டாது. நடுவுல ஒரு கேப். அதனாலதான் ஒரே ஊசியோட விடாம, ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு நாலு மாசம் வரைக்கும் தவணை தவணையா போடறாங்க. அந்த கேப் நேரத்துல குட்டியை அம்மாகிட்ட இருந்து பிடுங்கி, வேற வேற இடத்துக் குட்டிகளோட கலந்து வேன்ல ஏத்தி, கடையில அடுக்கினா? பார்வோவுக்கு அதைவிட நல்ல பஸ் ஸ்டாண்டு கிடைக்காது.

ஆப்ரஹாம்கிட்ட வந்த பார்வோ குட்டிகளும் அப்படி வந்தவைதான். எங்கே பிறந்துச்சுன்னு நூல் பிடிச்சுப் போனா 'பப்பி ஃபார்ம்' வந்து நின்னுச்சு. குட்டி உற்பத்திப் பண்ணை. இருட்டு ஷெட்டுல பெட்டை நாய்களை அடைச்சு வெச்சு, ஈத்து மேல ஈத்து எடுத்து, குட்டிகளைத் தரகர் மூலமா கடைக்கும் நெட்டுக்கும் அனுப்பற பிசினஸ். வாங்கறவங்க கண்ணுக்குப் பஞ்சுப் பொம்மை மாதிரி குட்டி மட்டும்தான் தெரியும். அம்மா எங்கேன்னு யாரும் கேட்கறதே இல்லை.

இவர் அதையே மக்களைக் கேட்க வெச்சார். 'குட்டியை அதோட அம்மாவோட பாருங்க' என்பதுதான் அவரோட ஒத்தை வரி பாலிசி. 'பப் எய்ட்'னு ஒரு ஜாலியான நாய்ப் போட்டி ஆரம்பிச்சார். பிரபலங்கள் வந்து ஜட்ஜா உட்காருவாங்க, கூட்டம் கூடும், கேமரா வரும். கேமரா வந்ததும் பப்பி ஃபார்ம் பத்திப் பேசுவார். சிரிக்க வெச்சுக்கிட்டே ஊசி போடற டெக்னிக். வெட் ஆச்சே!

அப்புறம் வந்தவள்தான் லூசி. (நாயை 'வந்தது'ன்னு எழுதணும்னு எடிட்டோரியல் ரூல் இருந்தாலும், இவளுக்கு மட்டும் விதிவிலக்கு கேட்டிருக்கேன்.) கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் ஜாதி. வேல்ஸ்ல ஒரு பண்ணையில வருஷக்கணக்கா குட்டி போட வெச்சே ஓய்ஞ்சு போனவள். 2013-ல மீட்டப்போ கூண்டுக்குள்ளேயே கிடந்து இடுப்பு எலும்பு ஒட்டிப் போயிருந்துச்சு, முதுகெலும்பு வளைஞ்சிருந்துச்சு, முடி கொட்டியிருந்துச்சு, வலிப்பு வேற. தத்து எடுத்த அம்மா அவளோட போட்டோக்களை ஃபேஸ்புக்ல போடப் போட, ஆயிரக்கணக்கான பேர் அவளோட ரசிகர் ஆயிட்டாங்க. 2016 டிசம்பர்ல லூசி இறந்துட்டாள். சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2017 டிசம்பர்ல, அவ பேர்லயே 'லூசி சட்டம்' கேட்டுப் பிரசாரத்தை ஆரம்பிச்சார் ஆப்ரஹாம்.

ஈஸியா நடந்துடல. தடை போட்டா வியாபாரம் திருட்டுத்தனமா ஓடும்னு ஆரம்பத்துல தயங்கினவங்கள்ல பெரிய விலங்கு நல அமைப்புகளும் இருந்தாங்க. மனுவுல ஒரு லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்துச்சு. 2018-ல பார்லிமென்ட்டுல விவாதம் வந்துச்சு. கடைசியா 2020 ஏப்ரல் 6-ம் தேதி இங்கிலாந்துல சட்டம் அமலுக்கு வந்துச்சு. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச நாய்க்குட்டி, பூனைக்குட்டியைத் தரகரோ கடைக்காரரோ வியாபாரமா விக்கக் கூடாது. வேணும்னா வளர்க்கிறவர்கிட்ட நேராப் போய், பிறந்த இடத்துல, அம்மாவோட பார்த்து வாங்கணும். இல்லையா, காப்பகத்துல தத்து எடுக்கணும். அவ்வளவுதான் சட்டம். அடுத்த வருஷமே ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் இதே மாதிரி சட்டம் வந்துடுச்சு.

தேதியைக் கவனிச்சீங்களா? கொரோனா லாக்டவுன் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த ஜனம் மொத்தமும் குட்டி வேணும்னு அலைஞ்ச நேரம். திருடங்க சும்மா இருப்பாங்களா? 'வாடகை அம்மா' ரெடி! அதே ஜாதியில ஏதோ ஒரு பெட்டை நாயைப் பக்கத்துல படுக்க வெச்சு, 'இதாங்க அம்மா'ன்னு காட்டினாங்க. இதைக் கண்டுபிடிக்க டிடெக்டிவ் மூளை எல்லாம் வேண்டாம். பால் கொடுத்த அம்மாவுக்கு மடி இறங்கி வீங்கியிருக்கும். குட்டிங்க அவளைப் பார்த்ததும் முட்டிக்கிட்டு ஓடும். வாடகை அம்மாகிட்ட குட்டி போனா அது முறைக்கும், இல்லைன்னா எழுந்து போயிடும். மடியே இல்லாத 'அம்மா'ன்னா வந்த வழியே திரும்பிட வேண்டியதுதான்.

இதைப் படிச்சதும் நம்ம ஹஸ்கி வியாபாரிக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். "அண்ணே, குட்டியோட அம்மாவை வீடியோ கால்ல காட்டுங்க." முதல் பதில், இன்னும் ரெண்டு குட்டியோட போட்டோ. மறுபடி கேட்டேன். ஆயிரம் ரூபாய் தள்ளுபடி! மூணாவது தடவை கேட்டேன். ப்ளூ டிக் மட்டும் வந்துச்சு, பதில் வரலை. செட்டுல ஸ்க்ரீன்ஷாட் போட்டேன். ஒருத்தன், "மச்சி, அவங்க அம்மா வேலைக்குப் போயிருக்கும்டா"ங்கிறான். என்னத்தைச் சொல்ல!

நம்ம நாட்டுல ரூலே இல்லையான்னா, இருக்கு. 2017-ல மத்திய அரசு நாய் வளர்ப்பு, விற்பனைக்குன்னே விதிகள் கொண்டு வந்துச்சு. குட்டி விக்கிற பண்ணை, மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. பெட்டை நாய்க்கு 18 மாசம் ஆகறதுக்கு முன்னாடி இனச்சேர்க்கை கூடாது, வாழ்நாள்ல அஞ்சு ஈத்துக்கு மேல எடுக்கக் கூடாது. 2018-ல செல்லப்பிராணிக் கடைகளுக்கும் தனி விதி வந்துச்சு. பேப்பர்ல பக்காவா இருக்கு. ஆனா அந்த ஊர் சட்டத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம். நம்மகிட்ட தரகரும் கடையும் பதிவு பண்ணிக்கிட்டா விக்கலாம். அம்மாவைக் காட்டியே ஆகணும்னு கடைக்காரரை யாரும் கட்டாயப்படுத்தல. வாங்கறவங்க கேட்டாத்தான் உண்டு.

இன்னொண்ணையும் சொல்லணும். டாக்டர் கையில மைக் போனா லூசி சட்டம் வருது. விளம்பரக் கம்பெனி கையில போனா? எங்க அண்ணன் செட்டுக்கு ஞாபகம் இருக்கும், 2003-ல ஹட்ச் செல்போன் விளம்பரம். ஒரு பொடியன் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடுற பக் நாய். சூப்பர் விளம்பரம்தான், சந்தேகமே இல்லை. ஆனா அதுக்கப்புறம் தெருவுக்குத் தெரு பக் குட்டிக்கு டிமாண்டு எகிறிப் போச்சு. சுருங்கின மூஞ்சி, உருண்டைக் கண்ணு, சோ ஸ்வீட்!

அந்த மூஞ்சியை ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்டா பார்த்தா ஸ்வீட்டா இல்லைங்க, டிசைன் ஃபால்ட். நம்மள மாதிரி நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்துல லேசா வேர்க்கும், அது பத்தாது. அது உடம்புச் சூட்டை வெளியே தள்றது மூச்சு வழியா. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்குதே, அதான் அதோட கூலிங் சிஸ்டம். நீளமான மூக்குக்குள்ள சுருள் சுருளா மெல்லிய எலும்பு, அது மேல ஈரத் தோல். காத்து அதுல உரசிப் போகும்போது ஈரம் ஆவியாகி சூடு குறையும். பைக் இன்ஜின்ல ஃபின்ஸ் வெச்சிருக்கோமே, பரப்பளவு கூடினா சூடு சீக்கிரம் இறங்கும்னு? அதே தியரி. பக் நாய்க்கு மூக்கையே சுருக்கிட்டோம். ரேடியேட்டரைக் கழட்டிட்டு லாரி ஓட்டற கதை! மூக்கு ஓட்டையும் குறுகல், தொண்டைக்குள்ள மேலண்ணம் நீண்டு மூச்சை அடைக்கும். 'குறட்டை விடுது பாரு, க்யூட்'னு வீடியோ எடுக்கிறோமே, பாதி நேரம் அது மூச்சுக்குத் திண்டாடற சத்தம்.

ஹஸ்கிக்கு மூக்கு ஓகே. கோட்டுதான் பிரச்னை. சைபீரியப் பனியில ஸ்லெட்ஜ் இழுக்கப் பிறந்த ஜாதி, ரெட்டை அடுக்கு முடி. மே மாசம் திருவண்ணாமலைக்கு வந்து பாருங்க. மலையே அக்கினி ஸ்தலம். பாறை பகல் முழுக்க வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி திருப்பித் தரும். வெப்பம் 40 டிகிரியைத் தொடற ஊர்ல கம்பளி ஸ்வெட்டரைக் கழட்டவே முடியாம ஒருத்தன் நடுரோட்டுல நின்னா எப்படி இருக்கும்? 'ஏசி போட்டுக்கலாம் மச்சி'ன்னு நம்ம செட்டுல பதில் வந்துச்சு. நாலு பேர் ஷேரிங் ரூம்ல ஃபேனே சுத்தலை, இதுல நாய்க்கு ஏசி! 2024-ல தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம்ம வெயிலுக்கு ஒத்துவராததுன்னு 11 வெளிநாட்டு ஜாதிகளைப் பட்டியல் போட்டுச்சு. ஹஸ்கியும் இருக்கு, பக்கும் இருக்கு.

இவ்வளவுக்கும் எங்க ஊரு நாய்க்கு மரியாதை தெரியாத ஊரே இல்லை. ரமணாசிரமத்துக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க, பசு லட்சுமிக்கு சமாதி இருக்கு. 1948 ஜூன் 18-ல இறந்தது. பக்கத்துலேயே ஒரு மானுக்கு, ஒரு காக்காவுக்கு, ஜாக்கின்னு ஒரு நாய்க்கு. நாலும் வரிசையா. ரமணர் ஆசிரமத்து நாய்களை 'அது'ன்னே சொல்ல மாட்டாராம். அவன், அவள், பசங்கன்னுதான் பேச்சு. (எடிட்டர் சார், லூசி விஷயத்துல நம்ம பக்கம் ஸ்ட்ராங்கான ஆள் இருக்கார்!) அதே ஊர்ல 'அருணாச்சலா' பேர்ல ஒரு விலங்குக் காப்பகம், அடிபட்ட நாய், சொறி பிடிச்ச நாய், வண்டிக்காரன் ஏத்திட்டுப் போன குட்டின்னு தூக்கிட்டு வந்து வைத்தியம் பார்த்திருக்கு. கருத்தடை, வெறிநாய்த் தடுப்பூசி எல்லாம் உண்டு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்ல பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்மகூடவே நடக்கிற தெரு நாய்ங்க எத்தனை! எந்த வெயிலுக்கும் அசையாத மாடல். சர்வீஸ் செலவும் கம்மி. இதுல குட்டியைத் தத்து எடுத்தா அம்மா எங்கேன்னு கேட்கவே தேவையில்லை. எதிர் டீக்கடை வாசல்லதான் படுத்திருப்பா.

எனக்குள்ள ஓடுற கேள்வி வேற. நம்ம தமிழ் டிவியில வெட் டாக்டரே வர்றதில்லையான்னா, வந்திருக்காங்க. தூர்தர்ஷன் 'வயலும் வாழ்வும்' காலத்துல இருந்தே மாட்டுக்கு மடிநோய், ஆட்டுக்குக் குடற்புழு நீக்கம்னு அழகாச் சொல்லிக் கொடுத்தாங்க. கிராமத்துல அந்த அஞ்சு நிமிஷத்தால பிழைச்ச மாடுங்க நிறைய. ஆனா டவுன்ல நாய் வளர்க்க ஆரம்பிச்ச நம்ம ஜெனரேஷனுக்குப் பேசறது யார்? குட்டி விக்கிறவங்களோட சேனல்தான். ஜாதிப் பேரு, ரேட்டு, போன் நம்பர், பின்னாடி குத்துப்பாட்டு. பார்வோன்னு ஒரு வார்த்தை வராது. அம்மா நாயை ஒரு செகண்டு காட்ட மாட்டாங்க.

சென்னை வேப்பேரியில இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல ஆரம்பிச்சது. நாட்டிலேயே கால்நடை மருத்துவத்துக்குன்னு முதல் பல்கலைக்கழகம் 1989-ல நம்ம தமிழ்நாட்டுலதான் வந்துச்சு. வருஷா வருஷம் அஞ்சரை வருஷக் கோர்ஸ் முடிச்சு வெளியே வர்றாங்க. அவங்கள்ல இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்களும் இருக்கீங்க, உங்க லெட்டர் வருது. 'மாட்டு டாக்டர்னு கிண்டல் பண்றாங்க'ன்னு ஒரு தடவை ஒருத்தர் எழுதியிருந்தீங்க. பாஸ், அந்தக் கிண்டலுக்கே ஒரு வீடியோ போடுங்க. ஒரு நிமிஷம் போதும். சீம்பால் மேட்டரை மட்டும் சொன்னாலே போதும். செல்போன் எல்லார் கையிலயும் இருக்கு, ஆல்ஃப் வைட் மாதிரி கோல்கீப்பர் பேரைத் திருட வேண்டிய அவசியமும் இல்லை.

மத்தவங்களுக்கு ஒரு வேலை. குட்டி வாங்கப் போற ஃப்ரெண்டு உங்க செட்டுலயும் கட்டாயம் ஒருத்தர் இருப்பாங்க. கூடப் போங்க. பிறந்த தேதி கேட்டு எட்டு வாரம் ஆச்சான்னு கணக்குப் போடுங்க. தடுப்பூசி அட்டையில டாக்டர் சீல், கையெழுத்து இருக்கான்னு பாருங்க. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டின அட்டைக்கு மதிப்பில்லை. 'அம்மா பண்ணையில இருக்கு, நீங்க வர முடியாது'ன்னு பதில் வந்துச்சுன்னா அட்வான்ஸை மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு வெளியே வந்து ஒரு லெமன் ஜூஸ் குடிங்க. வியாபாரி என்ன பதில் சொன்னார்னு வார்த்தை மாறாம எழுதி அனுப்புங்க. அதுல சூப்பரான அஞ்சு சமாளிஃபிகேஷனை அடுத்த வாரம் இதே பக்கத்துல போடறேன்.